ஃபோர்க் ஆயில் கசியும் வரை காத்திருக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள், ஏனென்றால் உங்களில் பெரும்பாலானவர்கள் தினமும் பைக்கில் போகிறவர்கள்.

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கிற ஃபோர்க்குக்குள் ஆயில் இருக்கிறது. அதை எப்போது மாற்றினாய் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "கசிஞ்சா மாத்திக்கலாம் சார்." மெக்கானிக்கும் அதையே சொல்கிறார், மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார். இந்தப் பதில் தப்பு. எவ்வளவு தப்பு என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்குத் தடையுறு அலைவு நினைவிருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்க ஒரு தடை வேண்டும். ஃபோர்க்கில் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஆயில். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆயில் சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது. அதன் பாகுநிலைதான் அந்தத் தடை. மூன்று மதிப்பெண் கேள்வி என்று நீங்கள் மனப்பாடம் செய்த பாகுநிலைதான் இது.

இனி ஒரு கணக்கு. நம் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 20 தடவை ஃபோர்க் அமுங்கி எழுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 20,000 கிலோமீட்டருக்கு 4 லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் அதே ஆயில் அதே துளை வழியாக நசுங்கிப் போகிறது. நசுங்கி நசுங்கி அது நீர்த்துப்போகிறது. உள்ளே குழாயும் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் உரசி உதிர்க்கிற உலோகத்தூள் அதில் கலக்கிறது. சீல் ஓரமாகக் கொஞ்சம் தூசும் மழைக்காலத்து ஈரமும் சேர்கிறது. என்ஜினுக்காவது ஆயில் ஃபில்டர் உண்டு. ஃபோர்க்குக்கு அதுவும் கிடையாது. விழுந்த அழுக்கு அங்கேயேதான் சுற்றும். பல வருடம் மாற்றாத ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் நாற்றத்தோடு வரும்.

இதில் எதுவுமே வெளியே தெரியாது. கசிவு என்பது ஆயில் சீல் தேய்ந்ததற்கான அடையாளம். ஆயில் கெட்டது அதற்கு வெகுகாலம் முன்பே நடந்து முடிந்திருக்கும். அந்த அழுக்கு ஆயில்தான் சீலையும் புஷ்ஷையும் தேய்த்துக் கசிவையே வரவழைக்கிறது. கசிந்த ஆயில் டிஸ்க் பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"எங்க அப்பா வண்டி இருபது வருஷம் ஓடிச்சு, ஒரு நாளும் மாத்தினதில்லை" என்று ஒரு வாதம் உடனே வரும். ஓடியிருக்கும். ஓடுவதற்கு என்ஜின் போதும். நிற்பதற்குத்தான் ஃபோர்க் வேண்டும். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது, வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். ஆயில் செத்துப்போன ஃபோர்க் தொபுக்கென்று அமுங்கும், மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயர் எதைப் பிடித்து நிற்கும்? 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அந்த ஏபிஎஸ்ஸும் டயர் தரையில் இருந்தால்தான் வேலை செய்யும். டேங்க் மேல் குழந்தை, பின்னால் மனைவி, அவர் கையில் காய்கறிப் பை என்று போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்பாவுக்கு ஏன் தெரியவில்லை? ஒரே நாளில் கெட்டால் தெரியும். தினம் ஒரு துளியாகக் கெட்டால் கை பழகிவிடும், "ரோடு மோசம்" என்று முனிசிபாலிட்டியைத் திட்டிவிட்டுப் போய்விடுவோம்.

சரி, எத்தனை நாளுக்கு ஒரு முறை? முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் திறங்கள். பராமரிப்பு அட்டவணையில் ஃபோர்க் ஆயில் என்ற வரி இருந்தால் அதுதான் விதி. கையேடு தொலைந்துபோனவர்களுக்கும், அதில் அந்த வரி இல்லாதவர்களுக்கும் நான் சொல்லும் கணக்கு: 20,000 கிலோமீட்டர் அல்லது 2 வருடம், எது முதலில் வருகிறதோ அது. பால் கேன், கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறவர்கள், டெலிவரி வேலை பார்க்கிறவர்கள், மண் சாலையில் போகிறவர்கள் 15,000-இல் மாற்றிவிடுங்கள். தினம் 30 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவருக்கு வருடத்துக்கு 300 நாள் வைத்தால் 9,000. ஆக இரண்டு வருடக் கணக்கு சரியாகவே பொருந்துகிறது.

5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்று என்று வீடியோ போடுகிறவர்களையும் நம்பாதீர்கள். என்ஜின் ஆயில் போல இதில் எரிபொருள் புகை சேர்வதில்லை, சாதாரண ஓட்டத்துக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை. "கெட்டி ஆயில் ஊத்தினா ஷாக் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பதும் பொய். ஆயில் கெட்டியானால் அசைவுதான் மந்தமாகும், ஸ்பிரிங்கின் பலம் கூடாது. மிச்சமிருக்கிற என்ஜின் ஆயிலை ஊற்றுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

சர்வீஸுக்கு விடும்போது வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டு வண்டி ஒன்றின் பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். வருடக்கணக்காக வாட்டர் வாஷ், பாலிஷ், செயின் லூப் எல்லாம் இருக்கிறது. ஃபோர்க் ஆயில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால் "நீங்க சொல்லலையே சார்" என்றார்கள். அட்டவணையைப் படித்து நமக்குச் சொல்லத்தானே அவர்களுக்குக் காசு கொடுக்கிறோம்?

கேட்க வேண்டியது இவ்வளவுதான். இரண்டு காலிலும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கையேட்டில் போட்ட கிரேடு, கையேட்டில் போட்ட அளவு. கண்ணால் பார்த்து ஊற்றாமல் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். குறைந்தால் ஃபோர்க் அடியில் போய் இடிக்கும், கூடினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் சீல் பிதுங்கும். நீங்களே வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம், ஃபோர்க் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தில் வந்து அடிக்கும்.

நூறு சிசி வண்டிகளுக்கு இரண்டு காலுக்கும் சேர்த்து அரை லிட்டர்கூடத் தேவைப்படாது. சீட் கவருக்கும் ஸ்டிக்கருக்கும் செலவழிக்கிற கையால் இதற்கும் செலவழியுங்கள்.

இன்று மாலை வண்டியை எடுக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 20,000 தாண்டி, ஒரு தடவையும் மாற்றாதவர்கள் இந்த வாரமே வண்டியை விடுங்கள். கையேட்டு அட்டவணை புரியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம், எனக்கும் நேரம் நிறைய இருக்கிறது.