யாருடைய காணி என்று நாம் கேட்கவில்லை

1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததைக் கனடாத் தமிழர்களாகிய நாம் மறக்கவில்லை. செய்திக்காக விடிய விடியக் காத்திருந்தோம், காசு சேர்த்தோம், தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தோம். அதற்கு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன், செப்டெம்பர் 6 இரவு, நாம் வாழும் இதே ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் உள்ள இப்பர்வாஷ் பூங்காவில் டட்லி ஜார்ஜ் என்ற பூர்வகுடி மனிதரை மாகாணக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர் கையில் ஆயுதம் இல்லை. தன் முன்னோரின் காணியையும் இடுகாட்டையும் திருப்பிக் கேட்டு நின்றவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சாவுக்கு நாம் ஒரு கூட்டம்கூடக் கூடவில்லை.

அந்தக் காணியின் கதை நமக்குப் புரியாத கதையா? 1942இல் போர்க்காலச் சட்டத்தைக் காட்டி, பூங்காவை ஒட்டிய ஸ்டோனி பொயின்ற் மக்களின் நிலத்தை இராணுவப் பயிற்சி முகாமுக்காக அரசு எடுத்தது. போர் முடிந்ததும் தருவோம் என்றது. 1945இல் போர் முடிந்தது, முகாம் போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று தங்கள் முன்னோரின் நிலத்தைப் பார்த்தபடி ஒரு தலைமுறை மூப்படைந்தது. இராணுவம் காணி எடுத்த பலாலியையும் மயிலிட்டியையும் கேப்பாப்பிலவையும் அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டட்லி ஜார்ஜைச் சுட்ட அதிகாரியை நீதிமன்றம் குற்றவாளி என்றது. அவர் சிறைக்குப் போகவில்லை. 2007இல் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. 9 கோடி 50 லட்சம் டொலர் இழப்பீட்டோடு முகாம் நிலத்தைத் திருப்பித் தரும் உடன்பாடு 2016இல் கைகூடியது. காணி பறிபோய் அப்போது 74 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று நமக்கும் நியாயங்கள் இருந்தன. அகதி வழக்கு, இரண்டு வேலை, ஊரில் குண்டு விழும் செய்தி. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 பேரிடம், வந்திறங்கிய நாட்டின் வரலாற்றைப் படித்தீர்களா என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த நியாயம் எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்? இன்று நமக்கு வீடு இருக்கிறது, வணிகம் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் ஆள் இருக்கிறது, ஜனவரி முழுவதும் தமிழ் மரபுத் திங்கள் என்ற அங்கீகாரமும் இருக்கிறது. இனியும் தெரியாது என்று சொன்னால் அது அறியாமை அல்ல, அக்கறையின்மை.

ஸ்காபரோவில் லோறன்ஸ் வீதியும் பெலமி வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, வீடுகளுக்கு நடுவில் ஒரு புல்மேடு உண்டு. பெயர் டேபர் ஹில். 1956இல் அங்கு மண் அள்ளிய இயந்திரம் மனித எலும்புகளில் முட்டியது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் 500க்கும் மேற்பட்டோர் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. சுற்றிலும் நம்மவர் வாழ்கிறார்கள். வீடு வாங்கும்போது வாசல் எந்தத் திசை என்று பார்த்தோம், பள்ளிக்கூடத்தின் தரம் பார்த்தோம். நிலம் யாருடையதாக இருந்தது, எந்த ஒப்பந்தத்தால் கைமாறியது என்று கேட்கவில்லை. ரொறன்ரோ நிலத்துக்கான தீராத கணக்குக்காக மிசிசாகா கிரெடிட் பூர்வகுடி மக்களுக்கு 14 கோடி 50 லட்சம் டொலர் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டதே 2010இல்தான்.

கேட்காததோடு நாம் நிற்கவுமில்லை. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். "அவங்கள் குடிகாரர்", "வரி கட்டுறேல்லை", "அரசாங்கம் சும்மா காசு குடுக்குது" என்று பூர்வகுடிகளைப் பற்றிக் கொண்டாட்ட வீடுகளில் பேசினோம், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க. வெள்ளையர் நம்மைப் பற்றிச் சொன்ன அதே வகைப் பேச்சு. வடதுருவப் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் நம்மைப் போலவே வருமான வரி கட்டுகிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகரா பார்க்கக் கூட்டிப்போகிறோம். வழியில் ஹமில்டன் வரும். அந்த ஊரின் மேட்டில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. 1958 முதல் 1962 வரை மட்டும் 1,200க்கும் மேற்பட்ட இனுயிட் நோயாளிகள் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். வட துருவக் கரையோரம் கப்பல் வரும். கப்பலிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இருந்தால் கரைக்குத் திரும்பி விடைபெறக்கூட விடாமல் கொண்டுபோனதும் உண்டு. தாய் போனாள், பிள்ளை நின்றது. பிள்ளை போனது, தாய் நின்றாள். பெயரைச் சரியாக எழுதத் தெரியாத அரசு 1940களிலிருந்து அவர்கள் கழுத்தில் எண் பொறித்த தகட்டைத் தொங்கவிட்டிருந்தது. தெற்கே இறந்தவர்கள் தெற்கேயே புதைக்கப்பட்டார்கள். எங்கே என்று பல குடும்பங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிரதமர் 2019இல் இக்கலூயிட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். குடும்பங்கள் இன்னமும் கல்லறைகளைத் தேடுகின்றன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்திக்கொண்டு தெருவோரம் இருக்கும் தாய்மாருக்காக இங்கே மெழுகுதிரி ஏற்றுகிறோம், ஏற்றத்தான் வேண்டும். ஆனால் நம் பக்கத்து நகரத்திலேயே பிள்ளையின் புதைகுழியைத் தேடும் தாய்மாரை நாம் அறியவே இல்லை.

1953இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத கிறீஸ் பியோர்டுக்கும் ரெசொலூட்டுக்கும் அரசு கொண்டுபோய் இறக்கியது. வேட்டை நிறைய உண்டு, இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காற்றில் போனது. அதற்காக அரசு மன்னிப்புக் கேட்ட நாள் 2010 ஓகஸ்ட் 18. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் சன் சீ கப்பல் 492 தமிழரோடு மேற்குக் கரைக்கு வந்தது. அந்த வாரம் நம் கண் கப்பலில் இருந்தது சரி. அதன்பின் வந்த ஆண்டுகளிலும் வடக்கே திரும்பிப் பார்க்காததுதான் குற்றம்.

1990களில் நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பொதுப்பணத்தில் தமிழ் படித்தார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடிப் பிள்ளைகளை அடித்த வதிவிடப் பாடசாலைகளில் கடைசியானவை மூடப்பட்டது அதே 1990களில். ஒன்றரை லட்சம் பிள்ளைகள் அவற்றுக்குள் போனவர்கள். நாம் நம் போராட்டத்துக்கு மண்டபம் பிடித்துக் காசு சேர்த்த நாட்டில், 1927 முதல் 1951 வரை காணி வழக்கு நடத்தப் பூர்வகுடிகள் அரசின் அனுமதியின்றிக் காசு சேர்ப்பது சட்டப்படி குற்றம். சட்டம் மாறும்வரை போராடியவர்கள் அவர்கள். அவர்கள் இடித்துத் திறந்த கதவுகளால் நாமும் உள்ளே வந்தோம் என்றே நான் நம்புகிறேன்.

வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் தந்த 94 பரிந்துரைகளில் கடைசி இரண்டும் நம்மைப் போன்ற புதுக்குடிகளைப் பற்றியவை: குடியுரிமைப் பாடத்தில் இந்த வரலாறு வர வேண்டும், உறுதிமொழியில் பூர்வகுடி உடன்படிக்கைகள் வர வேண்டும். 2021இல் உறுதிமொழி மாறியது. அதற்கு முன்பே உறுதிமொழி எடுத்த நம்மில் பெரும்பாலோர் அந்த வார்த்தைகளை ஒருமுறையும் சொன்னதில்லை.

சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஊடகங்களுக்கும் என் வேண்டுகோள். கூட்டத் தொடக்கத்தில் வாசிக்கும் நில ஏற்புரையை ஆங்கிலத்தில் ஒரு சிறுபிள்ளையிடம் கொடுத்து ஒப்பிக்கவைப்பதை நிறுத்துவோம். தமிழில் எழுதி, பெரியவர்கள் வாசிப்போம். அந்த 94 பரிந்துரைகளையும் வீட்டில் பெரியவர்கள் படிக்கும் தமிழில் கொண்டுவருவோம். பிராண்ட்போர்டில் பழைய மொஹாக் வதிவிடப் பாடசாலைக் கட்டடம் நிற்கிறது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாளான செப்டெம்பர் 30 அன்று பிள்ளைகளோடு அங்கே போவோம். நம் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் ஊர்ப் பிரச்சினையோடு இதையும் கேட்போம்: இதே மாகாணத்தின் நெஸ்கன்டாகா பூர்வகுடிச் சமூகத்தில், 1995 பெப்ரவரியில் விடுத்த "கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அந்தக் குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும்?