இடிமழை ஆயிரம், டோர்னாடோ எத்தனை?

மாலை நாலு மணிக்கு மேல் ஈப்போ வானம் கறுத்தால் போதும், வானொலி நிலையத்துக்கு வாட்ஸ்அப் தகவல்கள் குவியத் தொடங்கிவிடும். “எங்க தாமான்ல டோர்னாடோ!” என்று பறந்த கூரையின் வீடியோவும் கூடவே வரும்.

அது டோர்னாடோதானா? கணக்கைப் பார்ப்போம். உலகிலேயே அதிகமாக டோர்னாடோ வீசும் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 100,000 இடிமழைகள். அவற்றில் கடுமையானவை பத்தில் ஒரு பங்கு. டோர்னாடோக்களோ சுமார் 1,200. அதாவது, நூறு இடிமழைக்கு ஏறக்குறைய ஒன்று.

நம் நாட்டில் அதைவிட அபூர்வம். ஒரு மேகம் முழுவதுமாகச் சுழல, தரையருகே வீசும் காற்றும் உயரே வீசும் காற்றும் திசையிலும் வேகத்திலும் வெகுவாக மாறுபட வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகே அந்த வேறுபாடு பொதுவாகக் குறைவு. வெயிலும் ஈரமும் தாராளம் என்பதால் கிந்தா பள்ளத்தாக்கில் இடிமழைக்கு மட்டும் பஞ்சமில்லை.

அறவே வராது என்றும் சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி பினாங்கு தஞ்சோங் தோக்கோங்கில் கடலில் எழுந்த சுழற்காற்று கரையேறிக் கட்டடங்களைச் சேதப்படுத்தியது.

அப்படியானால் நம் கூரையைத் தூக்குவது எது? பெரும்பாலும், மழையோடு மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று. ஒரு வாளித் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கொட்டினால் நாலாபுறமும் பாய்கிறதே, அப்படித்தான் அதுவும் தரையில் மோதிப் பாயும். அது சுழலாது, நேராகத் தள்ளும். பழைய தோட்டத்து லயத்து வீட்டின் தகரத்துக்கு அதுவே போதும்.

தாத்தா பாட்டி காலத்தில் விடியலில் பால்மரம் வெட்டி, மதியத்தோடு பால் எடுத்து முடித்தார்கள். மாலை இடிமழை வரும்போது பெரும்பாலும் வீட்டில் இருந்தார்கள். நாமோ அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகிறோம். இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள்; கட்டடத்துக்குள் போங்கள். புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலியை ஒரு நிமிடம் பாருங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பருவக்காற்று மாறும்போது இடிமழை கூடும். அதற்குள் ஒரு வார இறுதியில் தோட்டத்துக்குப் போய், அம்மா அப்பா வீட்டுக் கூரையில் ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏணியில் அப்பாவை ஏற விடாதீர்கள். ஆள் வைத்துச் செய்யுங்கள்.