பூங்கா மண்ணுக்குமா பூட்டு?

தோழரே,

சுத்தியல் ஒன்று காணாமற் போயிற்று. பொன்னாலானதன்று, வெள்ளியாலானதுமன்று, உழவர் ஒருவர் தம் வயலிலே தவறவிட்ட சாதாரண இரும்புச் சுத்தியல். இங்கிலாந்து நாட்டிலே, சஃபோக் மாவட்டத்திலே, ஹாக்ஸன் எனும் சிற்றூரிலே, 1992ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நடந்த நிகழ்ச்சி இது. போனது போகட்டும் என்று விட்டுவிட அந்த உழவருக்கு மனமில்லை. நண்பர் எரிக் லாஸ் என்பாரை அழைத்தார். லாஸ் பேராசிரியரல்லர், பிரபுவல்லர். உழைத்து ஓய்வு பெற்ற தோட்டக்காரர். அவர் கையிலே உலோகம் காட்டும் கருவியொன்று இருந்தது.

நவம்பர் 16ஆம் நாள், கருவி ஒலித்தது. தோண்டினார். சுத்தியல் தேடிய கைக்கு வெள்ளிக் கரண்டிகள் கிட்டின, பொற்காசுகள் கிட்டின, மேலும் மேலும் கிட்டின! அந்த நிலையிலே நீங்களும் நானும் என்ன செய்திருப்போமோ, நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். அந்தத் தோட்டக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தோண்டுவதை நிறுத்தினார். நிலத்துக்கு உரியவர்களுக்கும் காவல்துறைக்கும் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்பொருள் ஆய்வாளர்கள் வந்தனர், முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 நாணயங்கள், 200 அளவுக்குப் பொன் வெள்ளிப் பொருள்கள்! ரோமானியப் பேரரசு பிரிட்டனை விட்டு அகன்ற ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, யாரோ பெட்டியிலிட்டுப் புதைத்த செல்வம் அது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மதிப்பிட்ட தொகை 17,50,000 பவுன். தமக்குக் கிடைத்த பரிசை உழவரோடு பகிர்ந்துகொண்டார் லாஸ். காணாமற் போன சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது!

அந்தக் குவியலுக்குள்ளே மிளகுத்தூள் வைக்கும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்று ஒரு சீமாட்டியின் உருவில் அமைந்தது. மிளகு விளையும் மண்ணா இங்கிலாந்து? இல்லை, தோழரே! அன்று சேரநாடென்று பெயர் பெற்றிருந்த மேற்குக் கரையின் மலைச்சாரலில் விளைந்தது மிளகு. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்கு வந்துபோன செய்தியைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன; நம் பக்கத்துச் சான்று அது. கடலுக்கு அப்பால், உலகின் மறுகோடியில், அதே வாணிகத்தின் நீண்ட நிழலைத் தாங்கி நிற்கும் சான்று அந்தச் சிமிழ். அதை உலகுக்கு ஈந்தது தோட்டக்காரர் ஒருவரின் கருவி!

இன்னொன்றும் கேளுங்கள். அந்த நிலம் யாருடையது? சஃபோக் மாவட்டக் கவுன்சிலுக்கு உரிமையானது. ஆம், பொதுச் சொத்து!

இதை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? அதே இங்கிலாந்திலே இன்று எத்தனையோ உள்ளூர்க் கவுன்சில்கள், தம் ஆளுகையிலுள்ள பொதுப் பூங்காக்களிலே உலோகம் காட்டும் கருவியைப் பயன்படுத்தவே கூடாது என்று தடை விதித்திருக்கின்றன. நிலத்துக்கு உரியவரின் இசைவின்றி எவரும் அக்கருவியைக் கொண்டு தேடலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். பூங்காவுக்கு உரியவர் கவுன்சிலார். ஆகவே ‘இசைவு இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், வேலை முடிந்தது! அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு, மறுக்கவில்லை. அதிகாரம் இருப்பதாலேயே அறமும் இருப்பதாகிவிடுமா என்பதுதான் நம் கேள்வி.

“எங்கோ ஒரு நாட்டில், எவனோ ஒருவன் பூங்காவில் காசு தேடுகிறான், அதற்கு நம் ஏட்டில் இடமா?” என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். பொதுமக்களின் வரிப்பணத்தில் பேணப்படும் இடத்திலே, பொதுமக்களில் ஒருவர் தீங்கற்ற செயலொன்றைச் செய்வதற்கு, முறை வகுப்பதா, முற்றாகத் தடுப்பதா? இந்தக் கேள்வி அவ்வூர்க் கவுன்சிலுக்கு மட்டும் உரியதன்று. நகராட்சியிலும் ஊராட்சியிலும் அமர்ந்து கையெழுத்திடும் தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. பேனா முனையில் பிறக்கும் சின்னஞ்சிறு தடை எத்தனை பேர் வாழ்வில் எத்தனை கதவுகளை அடைக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். திருடர்க்கென்று பிறந்ததன்று அது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுள் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றோடு ஓடோடி வந்தார். முயற்சி வெற்றி பெறவில்லை. நோக்கம் உயிர் காப்பது. இரண்டாம் உலகப் போரிலே போலந்து நாட்டுப் படையதிகாரி கோசாட்ஸ்கி உருவாக்கிய கருவி, 1942இல் எல் அலமைன் போர்க்களத்திலே கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்தது. எண்ணற்ற வீரர்களின் கால்களையும் உயிரையும் காத்தது. கருவி குற்றவாளியன்று, தோழரே. கத்தி காய் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். அதற்காகக் கொல்லன் பட்டறையை மூடுவாருண்டோ?

தடை விதிப்போர் கூறும் காரணங்களைத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதிர்ப்பக்கத்தாரின் வாதத்துக்கு அஞ்சி ஒளிவது நம் மரபன்று.

“புல்தரை பாழாகிறது” என்பது முதற் காரணம். நியாயமான கவலைதான். குழி தோண்டி அப்படியே விட்டுப்போகிறவன் கண்டிக்கத்தக்கவன். குழந்தை ஓடிவந்து இடறி விழக்கூடும். ஆனால், கையகலப் புற்பாளத்தை மடித்தெடுத்து, பொருளை எடுத்து, மீண்டும் பதித்து மிதித்துவிட்டால் தடம் தெரியாது. பழகியவர்கள் அப்படித்தான் செய்கின்றனர். செய்யாதவனுக்குத் தண்டம் விதியுங்கள், சீட்டைப் பறியுங்கள். பந்தாடுவோரின் காலடி புல்லைக் கிழிக்கிறது என்பதற்காகப் பந்தாட்டத்தைத் தடுத்தார்களா? இல்லையே! ஆடுகளம் வகுத்தார்கள்.

“வரலாறு அழிகிறது” என்பது இரண்டாம் காரணம். இதிலே உண்மை இருக்கிறது, தலைவணங்கி ஏற்கிறோம். பழம்பொருள் எங்கே கிடந்தது, எந்த ஆழத்தில் கிடந்தது, எதனருகே கிடந்தது என்ற செய்திகளை இழந்தால், பொருள் கையிலிருந்தும் பொருளின் கதை போய்விடும். ஹாக்ஸனில் லாஸ் தோண்டுவதை நிறுத்தியதால்தான், செல்வம் பெட்டிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தது என்பதைக்கூட அறிஞர்கள் ஆராய முடிந்தது. இதற்காகவே 1979ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் எழுத்து மூலமான இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் இருக்கட்டும், இருக்கவே வேண்டும்! தொல்லிடத்தின்மீது அமைந்த பூங்காவில் நுழைவு கேட்கவில்லை நாம். ஆனால் நகரத்துப் பூங்கா ஒவ்வொன்றும் தொல்லிடமா? போருக்கு முன் 1938இல், லண்டன் ஹைடு பூங்காவிலேயே பதுங்குகுழிகள் வெட்டினர்; போர்க்காலத்தில் காய்கறியும் பயிரிட்டனர். அப்படிப் பலமுறை கிண்டிக் கிளறிய மேல்மண்ணிலே ஒருவர் சாண் ஆழம் தேடினால், நேற்று ஒரு பெண் தவறவிட்ட திருமண மோதிரம் கிடைக்கும். தாத்தா காலத்துச் செப்புக்காசு கிடைக்கும். அதனால் எந்தச் சாம்ராச்சியத்தின் வரலாறு சரிந்துவிடும்?

“திருடர்கள் வருவார்கள்” என்பது மூன்றாம் காரணம். வருவார்கள்; வந்துமிருக்கிறார்கள். 2015இல் ஹெரிஃபோர்டுஷயரில் இருவர், வைக்கிங் காலத்துப் பெரும் புதையலைக் கண்டெடுத்து, அறிவிக்காமல் மறைத்து விற்றனர். நூற்றுக்கணக்கில் இருந்தவை என்று கருதப்படும் நாணயங்களுள் மீண்டவை மிகச் சில. வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பு அது. 2019இல் அவ்விருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. எந்தச் சட்டத்தால் கிடைத்தது? பூங்காத் தடையாலா? இல்லை, முன்பே இருந்த திருட்டுச் சட்டத்தால்! கள்வன் இருளில் வருகிறான். பலகையைப் படிக்க அவன் விளக்கும் கொண்டுவருவதில்லை. பலகையைப் படித்துத் திரும்பிப் போகிறவர் நேர்மையாளர் மட்டுமே. நல்லவரை வெளியே நிறுத்திக் கள்வனுக்குக் களத்தைக் காலியாக்கிக் கொடுப்பதற்குப் பெயர் காவலா?

இதைவிடக் கொடிய விளைவொன்றும் உண்டு. தடை உள்ள இடத்தில் ஒருவருக்கு அரிய பொருள் கிட்டினால், அவர் அதை அறிவிப்பாரா? ‘எங்கே கிடைத்தது?’ என்ற கேள்விக்கு உண்மை சொன்னால் குற்றவாளி. பொய் சொன்னால் வரலாற்றுக்குக் கேடு. வாய்மூடி இருந்துவிடவே மனம் தூண்டும். அறிவைக் காக்க வந்த தடை, அறியாமையை வளர்த்துவிட்டுப் போகிறது!

ஏட்டுச் சுரைக்காயைப் பரிமாறவில்லை நான், பட்டறிவு இருக்கிறது. 1980இல் அந்நாட்டுத் தொல்லியலார், கருவிக்காரர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரமே நடத்தினர். ஒருவரையொருவர் பகைவராகப் பார்த்த காலம் அது. நார்ஃபோக் மாவட்டத்தின் தொல்லியலார் மட்டும் அதற்கு முன்பிருந்தே வேறு வழி சென்றனர்: ‘வாருங்கள், கண்டெடுத்ததைக் காட்டுங்கள், பதிவு செய்து திருப்பித் தருகிறோம்’ என்றனர். புதையல் அறிவிப்புகளிலே அந்த மாவட்டம் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. பின்னர் நாடே அவ்வழிக்கு வந்தது. 1996இல் புதையல் சட்டம் நிறைவேறிற்று. 1997இல், புதையல் வரையறைக்குள் வராத பொருள்களையும் மக்கள் தாமாக முன்வந்து பதிவு செய்யும் திட்டம் பிறந்தது. இன்றுவரை 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை இந்தக் கருவிக்காரர்கள் கொணர்ந்தவை. மிரட்டல் ஈட்டித் தராததை நம்பிக்கை ஈட்டித் தந்தது!

நகரின் நடுவேயும் இது நடக்கும் என்பதற்குத் தேம்ஸ் ஆற்றங்கரையே சான்று. லண்டன் மாநகரின் இதயத்திலே, நீர் வடிந்த கரையில் தேட, துறைமுக ஆட்சியினர் சீட்டு வழங்குகின்றனர். எங்கே தேடலாம், எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதற்கு வரையறை உண்டு. 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை லண்டன் அருங்காட்சியகத்தின் அலுவலரிடம் காட்டியாக வேண்டும். சீட்டு வேண்டுவோர் கூட்டம் பெருகியபோது, 2022இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தனர். கட்டுப்பாட்டின் கடிவாளம் தம் கையில் இருப்பதைக் காட்டினர். ஆற்றங்கரையில் முடிவது பூங்காவில் ஏன் முடியாது?

முடியாது என்பவர்கள் ஒன்றை மறக்கின்றனர். பண்ணை நிலம் உடையவர்க்கும், பண்ணையாரின் நட்பைப் பெற்றவர்க்கும் தேடுவதற்கு இடமிருக்கிறது. நாள் முழுதும் ஆலையில் உழன்று, ஞாயிற்றுக்கிழமை மாலையில் சற்றே மூச்சுவிட வரும் நகரத்துத் தொழிலாளிக்கு ஏது பண்ணை? அவருக்கு உரிய ஒரே நிலம் பூங்கா. அங்கும் ‘வராதே’ என்றால், வரலாற்றைத் தொட்டுப் பார்க்கும் இன்பம் நிலமுடையோர்க்கு மட்டும் எழுதிவைத்த சொத்தாகிவிடும். மன்னர்கள் புதைத்ததை மக்கள் தேடக்கூடாதா?

ஆகவே கேட்பது கட்டவிழ்ப்பன்று, ஒழுங்கு. தொல்லிடங்களையும் பழைய இடுகாடுகளையும் பட்டியலிட்டு விலக்கிவையுங்கள். மற்றப் பூங்காக்களுக்குச் சிறு கட்டணத்தில் ஆண்டுச் சீட்டுக் கொடுங்கள். ஆழத்துக்கு அளவு வையுங்கள். குழியை மூடாதவன் சீட்டைப் பறியுங்கள். வெடிகுண்டு போன்ற ஐயத்துக்குரிய பொருள் தென்பட்டால் தொடாமல் காவல்துறைக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். மோதிரமும் சாவியும் உரியவரிடம் சேரட்டும். பழம்பொருள் பதிவேட்டில் ஏறட்டும். பொறுப்புள்ள தேடலுக்கான நெறிமுறையை 2006இலேயே எழுதி, 2017இல் திருத்தியும் வைத்திருக்கின்றனர் அந்நாட்டார். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பலகையை மாற்றி எழுதினால் போதும்!

நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. கண்டெடுத்தவன் கலெக்டரிடம் அறிவிக்க வேண்டும் என்று அது கடமை விதித்தது. கூடவே அவனுக்குரிய பங்கையும் வகுத்தது. அன்னிய ஆட்சிக்குக்கூடத் தெரிந்திருந்தது, உரிமையை மதித்தால்தான் கடமை நடக்கும் என்று. மக்களாட்சியின் மன்றங்கள் அதை மறக்கலாமா?

தோழரே, உங்கள் ஊர் மன்றத்திலே என்றேனும் ‘தடை’ என்ற தீர்மானம் வரும், எதற்கேனும் வரும். கை தூக்குமுன் ஒரு கணம் அந்தத் தோட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பொது நிலத்திலே நின்று, பொற்குவியலைக் கண்டும், தோண்டுவதை நிறுத்தியவர் அவர். அங்கே அவரை நிறுத்தியது தடைப்பலகையன்று, அவருடைய நேர்மை. மக்களை நம்புகிற ஆட்சி நெறி வகுக்கும். நம்பாத ஆட்சிதான் பூட்டுத் தேடும்.