கடலுக்குப் போன பொம்மைகள்

பொம்மை வாங்கப் போகும் தாய்மார்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "சீக்கிரம் உடைந்து போகாதே?" என்பதுதான். "உடையவே உடையாது, அம்மா!" என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டால் உடனே பணப்பையைத் திறந்து விடுகிறோம். உடையாத பொம்மை என்பது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று இந்த வாரம் சற்று யோசித்துப் பார்ப்போமா?

அதற்கு டென்மார்க் தேசத்திலுள்ள பில்லுண்ட் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்று ஒரு தச்சர் இருந்தார். 1932-ம் ஆண்டில், தச்சு வேலைக்குக் கிராக்கி குறைந்து போன காலத்தில், மரத்தால் விளையாட்டுச் சாமான்கள் செய்து விற்க ஆரம்பித்தார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சுருக்கி 'லெகோ' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்.

பின்னால் மரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. கட்டையின் மேலே சிறு குமிழ்கள், உள்ளே குழாய்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் குமிழைக் குழாய் இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். இந்த உபாயத்துக்கு அவருடைய மகன் காட்ஃபிரட் 1958 ஜனவரி 28-ம் தேதி காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். குழந்தை சேர்த்தால் சேரும், பிரித்தால் பிரியும், கீழே போட்டால் உடையாது. அந்த வருஷத்துக் கட்டை இந்த வருஷத்துக் கட்டையோடும் கச்சிதமாகப் பொருந்தும். நம் வீட்டுப் பாத்திரங்களில் எத்தனை மூடிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்கள்!

1995-ல் இந்தக் கம்பெனியார் கடலுக்கு அடியில் இறங்கினார்கள். 'அக்வாஸோன்' என்ற பெயரில் நீர்மூழ்கிக் கப்பல் பொம்மைகளை வெளியிட்டார்கள். உள்ளே இருப்பவரைப் பார்க்கும்படி கண்ணாடி போன்ற கூண்டு, முக்குளிக்கும் மனிதர்கள், அவர்கள் காலில் மாட்டிக் கொள்ளத் துடுப்பு, முதுகில் காற்றுக் குப்பி, கூடவே சுறாவும் ஆக்டோபஸும்! கடலடியில் படிகக் கற்களைத் தேடும் கூட்டம் ஒன்று. அவற்றைக் கவர வரும் கூட்டம் ஒன்று. கற்களை எடுப்பதற்குக் காந்தம்கூட உண்டு. கூடத்துச் சிமிட்டித் தரையே சமுத்திரமாகிவிட, பிள்ளைகள் மணிக்கணக்கில் முழுகிக் கிடப்பார்கள்.

இனிமேல்தான் கதையே இருக்கிறது. 1997 பிப்ரவரி 13-ம் தேதி 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற சரக்குக் கப்பல் ராட்டர்டாமிலிருந்து நியூயார்க்குக்குப் போய்க் கொண்டிருந்தது. இங்கிலாந்தின் மேற்குக் கோடியில், கார்ன்வால் கரைக்கு அப்பால், ராட்சத அலை ஒன்று அதைத் தாக்கியது. ஒரு பக்கம் 60 டிகிரி சாய்ந்து, மறு பக்கம் 40 டிகிரி சாய்ந்து, கப்பல் எப்படியோ தப்பிப் பிழைத்தது. ஆனால் 62 சரக்குப் பெட்டிகள் கடலில் விழுந்து விட்டன. அவற்றில் ஒன்றினுள் இருந்தவை ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள்!

வேடிக்கையைக் கேளுங்கள். அவற்றில் பல கடல் சம்பந்தமான சாமான்கள்தாம். 97,500 காற்றுக் குப்பிகள், 51,800 சுறாக்கள், 4,200 ஆக்டோபஸ்கள். கடலடி விளையாட்டுக்காகச் செய்தவை நிஜக் கடலுக்கே போய்ச் சேர்ந்தன!

அன்று முதல் அந்தக் கரையோரங்களில் பெரியவர்களும் குழந்தைகளும் மணலைக் கிளறித் தேடி வருகிறார்கள். 2024-ல் மராஸியன் கடற்கரையில் 13 வயதுப் பையன் ஒருவனுக்குக் கறுப்பு ஆக்டோபஸ் ஒன்று அகப்பட்டது. அதே வருஷம், பென்ஸான்ஸுக்குத் தெற்கே 20 மைல் தூரத்தில் ஒரு மீனவரின் வலையில் பொம்மைச் சுறா ஒன்று சிக்கியது. 27 வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் அது சுறாவாகவே இருந்தது.

படிக்கும்போது நமக்கும் மணலில் தேடிப் பார்க்க ஆசை வருகிறது. ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. கரையில் ஒதுங்கிய லெகோ கட்டைகளைப் பிளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 2020-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கட்டை கடலில் அழிய 100 முதல் 1,300 வருஷம் வரை ஆகலாமாம்! அதுவரை அது தேய்ந்து, பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி நீரோடு கலந்து கொண்டே இருக்கும். கடற்பறவைகளின் வயிற்றில் பிளாஸ்டிக் துண்டுகள் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். "உடையவே உடையாது, அம்மா!" என்ற வார்த்தைக்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

அதற்காகக் குழந்தை கையிலிருக்கும் நீர்மூழ்கியைப் பிடுங்கிவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. யோசிக்கவும், பொறுமையாகக் கட்டவும், கலைந்து போனால் அழாமல் மறுபடி தொடங்கவும் கற்றுத் தருகிற பொம்மை அது. பெண் குழந்தைகளுக்கும் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்; கப்பல் ஓட்டுவது அண்ணனுடைய தனி உரிமை அல்லவே! ஆனால் ஆயிரம் வருஷம் இருக்கக்கூடிய பொருளை ஆறு மாதம் விளையாடிவிட்டுக் குப்பையில் போடுவது அடுக்காது.

பாட்டியின் பித்தளைத் தவலையை எப்படிப் பாதுகாக்கிறோமோ, அப்படியே இதையும் செய்யலாம். மூடி போட்ட ஒரு டப்பாவில் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். அழுக்கானால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத நீரில் சோப்பிட்டுக் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அதன் கைக்கு எட்டவே கூடாது. பழைய பெட்டிகளில் உள்ள காந்தத் துண்டுகளில் இன்னும் ஜாக்கிரதை தேவை. இரண்டை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்து விடும். உங்கள் பிள்ளைக்கு வயது ஏறிய பிறகு டப்பாவோடு தங்கை மகனுக்கோ, பக்கத்து வீட்டுச் சிறுமிக்கோ கொடுத்து விடுங்கள். துண்டு குறைந்தாலும் பாதகமில்லை. வேறு பெட்டிக் கட்டையும் அதில் பொருந்தும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "உடையாதே?" என்று கடைக்காரரைக் கேட்டுக் கொள்ளுங்கள். "நம் வீட்டுக்கு அப்புறம் இது யார் வீட்டுக்கு?" என்று உங்களை நீங்களே கேட்டுக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.