ஓட்டை போட்ட டிஸ்க்கும் கொதிக்கிற ஆயிலும்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார். மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு எடுத்துப் போய் ஓட்டுகிறான். போன தடவை ஆறாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டதாம். எப்படியோ சமாளித்து ஓரம் கட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னானாம். அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. இப்போது, 'பெரிய டிஸ்க் போடணும்மா, ஓட்டை போட்ட மாடல், ஒன்றரை லட்சம் ஆகும்' என்று கேட்கிறான்.

"என் பி.எஃப். பணம் இருக்கிறது. கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். கொடுத்தால் அவனுக்கு ஆபத்து குறையுமா, இல்லை, நல்ல பிரேக் இருக்கிறதென்று இன்னும் வேகமாகப் போவானா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கொஞ்சம் போவான். பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கை வந்தால் யாருமே இன்னும் பத்தடி தள்ளித்தான் பிரேக்கை மிதிப்பார்கள். அவிநாசி ரோட்டில் போவதற்குப் பதில் டிராக்கில் போகிறானே என்று சந்தோஷப்படுங்கள் அம்மா. முதல் கேள்விதான் முக்கியம். அன்றைக்குப் பெடல் உள்ளே போனது டிஸ்க்கினால் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை லட்சத்துக்கு டிஸ்க் போட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டால், அதே பெடல் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி உள்ளே போகும்.

பிரேக் என்ன செய்கிறது என்பதை அடுப்பங்கரைக் கணக்கில் பார்க்கலாம். 1,300 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 60-க்கு இறங்குகிறது. அந்த வேகம் எங்கும் மாயமாகிவிடாது. அத்தனையும் சூடாக மாறும். சுமார் 11 லட்சம் ஜூல். குழாயில் பிடித்த மூன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதி வரும்வரை சூடாக்கத் தேவையான அளவு அது. நம் வீட்டு கேஸ் அடுப்பில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். காரில் மூன்று விநாடிதான். அதில் பெரும்பங்கு, தோராயமாக எழுபது சதவீதம், முன்சக்கரங்களில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளின் தலையில் இறங்கும்.

முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 7 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே மிதியில் டிஸ்க்கின் சூடு 115 டிகிரி செல்சியஸ் போல ஏறும். ஊருக்குள் 60-ல் வந்து சிக்னலில் நிற்கும்போது 20 டிகிரிகூட ஏறாது. அடுத்த சிக்னலுக்குள் ஆறியும் விடும். டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான். இருங்காட்டுக்கோட்டையில் 3.7. சின்ன டிராக்கில் வேகம் குறைவாக இருக்கலாம், ஆனால் பிரேக்குக்கு மூச்சு வாங்க இடைவெளியும் குறைவு. நான்கைந்து சுற்றில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மாலை வெளிச்சத்தில் பார்த்தால் சக்கரத்துக்குள் கொல்லன் உலை மாதிரி சிவப்பாகத் தெரியும்.

அந்தச் சூடு டிஸ்க்கோடு நிற்பதில்லை. அதைக் கவ்வும் பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும், காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிறது. ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது. பெரும்பாலான கார்களில் இருப்பது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் சோதித்தால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே கணக்கு. ஆயில் கொதித்தால் ஆவி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரம் வரை போய்ச் சேராது. பெடல் பஞ்சாகிறது என்பது இதுதான்.

கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ஆவி அடங்கி, பெடல் ஓரளவு திரும்பிவிடும். 'சரியாகிவிட்டது' என்று மறுபடி ஏறி ஓட்டுவார்கள். டிராக்கில் நான் பார்க்கிற வழக்கங்களில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். கொதித்த ஆயிலை முழுவதுமாக மாற்றி ஏர் எடுக்காமல் அந்த வண்டியை ஓட்டவே கூடாது, ரோட்டிலும்தான்.

பெடல் நம்மிடம் பேசும். அது என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில். பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறதா? அது பேடு. ரோட்டுக்கென்று செய்த பேடுகள் 350, 400 டிகிரியை நெருங்கும்போதே பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்கும்போது பெடலும் ஸ்டீயரிங்கும் நடுங்கினால் டிஸ்க்கின் முகத்தைப் பார்க்க வேண்டும். 'டிஸ்க் வளைஞ்சுபோச்சு சார்' என்பார் மெக்கானிக். பல சமயம் அது வளைந்திருக்காது. சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், தோசைக்கல்லில் மாவு ஒட்டின மாதிரி.

ஆக, கோவைத் தம்பி முதலில் செய்ய வேண்டியது, 300 டிகிரிக்கு மேல் தாங்குகிற ரேஸ் ரக பிரேக் ஆயில் ஊற்றி முழுசாக ஏர் எடுப்பது. அடுத்து, டிராக்குக்கு ஏற்ற பேடு. ஒன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது சொற்பம். ஆனால் ஒரு எச்சரிக்கை. முழுக்க முழுக்க ரேஸுக்கான பேடு, சூடானால்தான் கவ்வும். திங்கட்கிழமை காலை அதே காரில் நீங்கள் காய்கறி வாங்கப் போகிறீர்கள், முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நிற்கிறது. அந்தக் குளிர்ந்த பேடு பழைய பேடு அளவுக்குக்கூடப் பிடிக்காமல் போகலாம். ஒரே கார் இரண்டு வேலையும் செய்தால் இரண்டுக்கும் நடுவாந்தரமான பேடு வாங்கட்டும். இல்லையென்றால் டிராக்குக்குப் போகும்போது மட்டும் மாற்றட்டும்.

அப்படியானால் டிஸ்க் மாற்றுவதே வீணா? இல்லை. அது மூன்றாவது வேலை. தேவையா என்று கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. டிஸ்க்கின் விளிம்பில் பூசுவதற்கென்றே வெப்ப பெயின்ட் விற்கிறார்கள். பச்சைப் பூச்சு 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். மூன்றையும் சின்னக் கோடாகப் பூசிவிட்டு ஒரு ஞாயிறு ஓட்டிப் பார்க்கட்டும். பச்சை மட்டும் மாறியிருந்தால் டிஸ்க் நன்றாகவே சமாளிக்கிறது, அம்மாவின் பணம் பேங்க்கிலேயே இருக்கலாம். சிவப்பும் மாறியிருந்தால் டிஸ்க்கைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

பேசும்போது எதைக் கேட்டு வாங்குவது? டிஸ்க் ஒரு சூட்டுப் பாத்திரம். கனம் கூடினால் சூடு குறைவாக ஏறும். முன்பு சொன்ன 7 கிலோ டிஸ்க்குக்குப் பதில் 9 கிலோ டிஸ்க் இருந்தால் அந்த 115 டிகிரி 90 ஆகிவிடும். பெரும்பாலான டிஸ்க்குகள் சாம்பல் வார்ப்பிரும்பு. கோவைக்காரர்களுக்கு ஃபவுண்டரி பற்றி நான் சொல்ல வேண்டாம், பம்ப்செட்டின் உடம்பும் இதே குடும்பம்தான். இரும்புக்குள் செதில் செதிலாக இருக்கும் கிராஃபைட் சூட்டை வேகமாகக் கடத்தும். அதனால்தான் இத்தனை வருஷமாக இதை அசைக்க முடியவில்லை.

கனத்துக்கு அடுத்தது காற்று. 1953-ல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும். அதில் இருந்தவை டன்லப் செய்த டிஸ்க் பிரேக்குகள். டிரம் பிரேக் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், டிஸ்க் திறந்த வெளியில் சுற்றும். மறுநாள் வரை பிரேக்கை நம்பி மிதிக்க முடிந்தது பெரிய பலம். இன்றைய டிஸ்க் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இறக்கைகள் வைத்தது. சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். வளைந்த இறக்கை என்றால் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி டிஸ்க். மேல்பக்கத்தில் பார்த்தால் இறக்கைகள் காரின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பலர் வெளியே தெரியும் கோடுகளைப் பார்த்து மாட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் இறக்கையைத்தான் பார்க்க வேண்டும். பம்பரிலிருந்து ஒரு குழாய் விட்டு டிஸ்க்கின் நடுவுக்குக் காற்று கொடுத்தால் இன்னும் நல்லது. சில சமயம் அந்தக் குழாயே போதும், டிஸ்க் வேண்டியிருக்காது.

இப்போது ஓட்டைக்கு வருவோம். பையன்களை மயக்குவது அதுதான். பழைய காலத்துப் பேடுகள் சூட்டில் வாயுவைக் கக்கும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே படலமாக நிற்கும். அது தப்பிக்க வழியாக ஓட்டைகள் போட்டார்கள். இன்றைய நல்ல பேடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. ஓட்டை மட்டும் தங்கிவிட்டது. மழையில் கொஞ்சம் உதவும், கொஞ்சம் எடை குறையும், பார்க்க அழகு. ஆனால் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விரிசல் முதலில் பிறப்பது அந்த ஓட்டையின் ஓரத்தில்தான். போர்ஷே 911 பலவற்றில் ஓட்டை போட்ட டிஸ்க்கைப் பார்த்திருப்பீர்கள். அதே கம்பெனி பந்தயத்துக்கென்றே கட்டுகிற 911 ஜிடி3 கப் காரில் இருப்பது கோடு போட்ட இரும்பு டிஸ்க். எனக்கு இந்த ஒரு உதாரணம் போதும். டிராக்குக்கு என்றால் வழுவழுப்பான டிஸ்க், அல்லது கோடு போட்டது. கோடு பேடின் முகத்தை மழித்துப் புதிதாக வைத்திருக்கும், பதிலுக்குப் பேடைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும்.

காசு இருந்தால் இரண்டு துண்டு டிஸ்க் வாங்கலாம். வெளிவளையம் இரும்பு, நடுக்கிண்ணம் அலுமினியம். சூட்டில் விரியும் இரும்புக்கு அசைய இடம் கிடைக்கும், எடை குறையும், தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். கார்பன் செராமிக் பேச்சே வேண்டாம். எடை இரும்பில் பாதிதான், ஆனால் விலை கேட்டால் நமக்குச் சூடேறும். அது உள்ள கார் வைத்திருப்பவர்களிலேயே சிலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு டிராக்குக்கு இரும்பு மாட்டுகிறார்கள்.

'பெரிய டிஸ்க்' என்றானே தம்பி, அதில் ஒரு வில்லங்கம் உண்டு. காரை நிறுத்துவது கடைசியில் டயர்தான். சக்கரத்தை லாக் ஆகும் அளவுக்கு இறுக்க உங்கள் கம்பெனி பிரேக்குக்கே சக்தி இருக்கிறது. அதனால் பெரிய டிஸ்க் போட்டால் முதல் மிதியில் வண்டி சீக்கிரம் நின்றுவிடாது. இருபதாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்கும் என்பதுதான் லாபம். முன்னால் மட்டும் விட்டத்தைக் கூட்டினால் முன்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகப் பார்க்கும், பின் பிரேக் சும்மா இருக்கும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடலாம். அந்தக் காருக்கென்றே முன்னும் பின்னும் கணக்குப் பார்த்துச் செய்த செட் இல்லையென்றால், கம்பெனி அளவிலேயே தரமான டிஸ்க் போடுவது மேல். சக்கரத்துக்குள் காலிப்பர் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளட்டும்.

காரின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு கடிவாளம் போடுகிறது. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்று எழுதியே இருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு வீட்டுப் பணம்தான். பி.எஃப். பணத்தை எடுக்கும் முன் இதையும் மனதில் வையுங்கள் அம்மா.

புது டிஸ்க் மாட்டிய அன்றே டிராக்குக்கு ஓடக் கூடாது. காலியான ரோட்டில் நடுத்தர வேகத்திலிருந்து பத்துத் தடவை போல நிதானமாகப் பிரேக் பிடித்து, முழுசாக நிறுத்தாமல் விட்டு, பிறகு ஆறவிட்டால் பேடின் படலம் டிஸ்க்கில் சீராகப் படியும். டிராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக்கே தொடாத மாதிரி மெதுவாக ஓட்டி வர வேண்டும். பிட்டில் நின்றதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். சூட்டோடு பேடை அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் திட்டு விழும்.

ஆறின பிறகு ஒரு டார்ச்சோடு குனிந்து பார்க்கட்டும். டிஸ்க்கின் மேல் முடி மாதிரி மெல்லிய கோடுகள் தெரிவது சகஜம். நகத்தை ஓட்டினால் சிக்குகிற கோடு என்றால் புது டிஸ்க்குக்குச் சொல்லிவிடலாம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதையும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். விரிசல் வெளி விளிம்பைத் தொட்டிருந்தால் அடுத்த செஷனுக்கு இன்னும் அரை மணி இருந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.