பசியின் தடமும் நீரிழிவும்: கருவில் தொடங்க வேண்டிய தடுப்பு

நீரிழிவைத் தடுப்பது என்றால், சோற்றையும் சீனியையும் குறைக்குமாறு நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அறிவுரை கூறுவதே எமது வழக்கம். ஆனால் நோய்க்கான அடித்தளம் பிறப்பதற்கு முன்னரே இடப்படலாம் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியப் படைகள் உணவு விநியோகத்தை முடக்கியதால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களது உடலில் குறைந்திருந்தது. 2008இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் கண்டது. பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களிடம், வளர்ச்சியுடன் தொடர்புடைய ஐ.ஜி.எப்.2 மரபணுவிலுள்ள மெத்தைல் எனும் இரசாயனக் குறிகள், பஞ்சத்துக்கு உட்படாத அவர்களது சகோதரர்களைவிடக் குறைவாக இருந்தன. மரபணு மாறவில்லை, அதன் இயக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குறிகளே மாறியிருந்தன. இதையே எபிஜெனெட்டிக் மாற்றம் என்கிறார்கள்.

பிரித்தானியாவின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கு சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில் முடிவுக்கு வந்தது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு அபாயம் சுமார் 35 சதவீதம் குறைவு என 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அது மெத்தைல் குறிகளை அளக்கவில்லை. ஆயினும், ஆரம்பகால உணவை அரச கொள்கையால் மாற்ற முடியும் என்பதை உணர்த்துகிறது.

இக்குறிகளை இரத்தத்தில் அளந்து நோயை முன்கூட்டியே கணிக்கலாமா? லண்டனில் வாழும் தெற்காசியர்களிடமும் ஐரோப்பியர்களிடமும் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, ஐந்து மெத்தைல் குறிகள் பிற்கால நீரிழிவுடன் தொடர்புடையவை எனக் கண்டது. ஆனால் அவை நோய்க்குக் காரணமா, ஏற்கெனவே தொடங்கிய கோளாறின் விளைவா என்பது வேறு கேள்வி. கணிப்பதற்குப் பயன்படும் குறி, சிகிச்சைக்கான இலக்காகவும் இருக்க வேண்டியதில்லை.

எமக்கு இதன் அர்த்தம் என்ன? 2009இல் வன்னியில் கஞ்சியே உணவாக இருந்தபோது கர்ப்பிணிகள் இருந்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷாவுக்குத் தட்டுப்பாடு நிலவியபோதும் இருந்தார்கள். அப்பிள்ளைகள் அனைவருக்கும் நீரிழிவு வரும் என்பதல்ல. அவர்களை நாற்பது வயதுவரை காத்திருக்க வைக்கக்கூடாது என்பதே பாடம். விலையுயர்ந்த மெத்தைல் பரிசோதனை இதற்குத் தேவையில்லை. கர்ப்பிணியின் இரத்தச் சீனியும் குழந்தையின் பிறப்பு எடையும் கிளினிக் அட்டைகளில் ஏற்கெனவே பதியப்படுகின்றன. அப்பதிவுகள் பாடசாலை மருத்துவப் பரிசோதனைவரை பிள்ளையைத் தொடர வேண்டும்.

அரசாங்கம் செலவைக் குறைக்கும்போது கர்ப்பிணிகளின் சத்துணவில் கைவைத்தால், மீதமாகும் பணத்தை அரை நூற்றாண்டின் பின்னர் வைத்தியசாலைகளில் செலுத்த நேரிடும்.