அவசரத்தின் விலையைக் குதிரை தருகிறது

பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்று நாள்களே இருந்த நிலையில், 2024 ஜூலை 23-ஆம் தேதி பிரிட்டன் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டூஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களை அவர் நீண்ட சவுக்கால் மீண்டும் மீண்டும் அடித்த காணொலியே காரணம். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. மூன்று தங்கம் உள்பட ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர் அவர். முறையான பயிற்சி எதுவென்று அறியாதவர் அல்லர். பிறகு சவுக்கு எதற்கு?

டிரெஸ்ஸாஜ் எனப்படும் நடைக்கலைப் போட்டியில் குதிரையின் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. அந்த அசைவுகளை உருவாக்கும் பயிற்சிகளோ பார்ப்பவர்க்குச் சலிப்பூட்டுபவை. 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் தாளம் பிசகாமல் ஓடுவது, நடையிலிருந்து ஓட்டத்துக்கும் ஓட்டத்திலிருந்து நடைக்கும் மாறி மாறி வருவது என்று அவை தொடங்குகின்றன. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லா கெரினியேர் விளக்கிய பயிற்சி இன்றும் அடிப்படையானது. குதிரை சுவரோரமாகச் செல்லும்போதே அதன் முன்தோளைச் சற்று உட்புறம் திருப்புவார்கள். அப்போது உட்பக்கப் பின்னங்கால் உடலுக்கு அடியில் வந்து ஊன்ற வேண்டியிருக்கிறது. முன்னங்கால்களின் சுமை மெல்லப் பின்னுக்கு மாறுகிறது. நின்ற இடத்திலேயே கால் மாற்றித் துள்ளும் 'பியாஃப்' அசைவுக்கான வலு இத்தகைய பயிற்சிகளிலிருந்துதான் பிறக்கிறது. தடை தாண்டும் குதிரையும் முதலில், ஏறத்தாழ 1.3 மீட்டர் இடைவெளியில் தரையில் கிடத்திய கழிகளைக் கடந்தே தன் காலடியை அளக்கக் கற்கிறது.

தசையும் தசைநாணும் இதற்கேற்ப உறுதிப்பட ஆண்டுகள் ஆகும். கிராண்ட் பிரி நிலையில் எட்டு வயதுக்குக் குறைந்த குதிரையை விதிகளே அனுமதிப்பதில்லை.

பொருளாதாரம் படித்தவனுக்கு இங்கேதான் சிக்கல் புலப்படுகிறது. தீவனம், லாயம், மருத்துவர், பயிற்சியாளர் என்று செலவு மாதந்தோறும் வருகிறது; வரவு பெரும்பாலும் விற்கும் நாளில்தான். கால்களை உயர வீசி ஓடும் இளங்குதிரைக்கு ஐரோப்பிய ஏலங்களில் பெரும் விலை கிடைக்கிறது. அதன் முதுகு இறுகியிருக்கிறதா, வாய் வலிக்கிறதா என்பது அந்த விலையில் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆவதைச் சில மாதங்களில் காட்டுபவருக்கே சந்தை ஆதாயம் தருகிறது.

இந்தியாவுக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. அந்த வீரர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அங்கிருந்து நுட்பத்தைக் கொண்டுவரும்போது அவசரமும் உடன் வந்துவிடக் கூடாது.

மூக்குப்பட்டையின் இறுக்கத்தை அளக்கும் கருவியைக் கூட்டமைப்பு 2025-இல் அறிமுகப்படுத்தியிருக்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அது போட்டித் திடலோடு நின்றுவிடும். டூஜார்டின் காணொலி பதிவானது தனியார் பயிற்சிக் களத்தில். மதிப்பெண் முறையில் கைவைப்பதே பயன் தரும். கடிவாளத்தைத் தளர்த்தியதும் குதிரை கழுத்தை நீட்டி நிதானமாக நடக்கிறதா என்று தொடக்கநிலைத் தேர்வுகளில் பார்ப்பதுண்டு. அடித்துப் பழக்கிய குதிரைக்கு அந்த நிதானம் எளிதில் வராது. உச்சநிலைத் தேர்வுகளிலும் இதைச் சேர்த்துக் கணிசமான மதிப்பெண் ஒதுக்கலாம். நடுவர்கள் ஒருவேளை இசையக்கூடும். ஏலக்காரர்கள் அவ்வளவு எளிதில் இசைய மாட்டார்கள்.